சேவல் கூவிய தீவு

வெளிநாட்டில் சேவல் கூவுமா என்று கேட்டால் இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் நாலாம் ஆண்டு படித்த காலத்தில் எங்கள் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் அந்த ஒட்டு வீட்டு வரிசையில், யாரும் சிரிக்கவில்லை. அந்தச் சேவலால்தான் என் அம்மாமீது எல்லோருக்கும் சந்தேகம் வந்தது.

எங்கள் தோட்டம் மாத்தளைப் பக்கம், யட்டவத்தைக்கு மேலே இருக்கிறது. கொக்கோவும் மிளகும்தான் அங்கே பயிர். அம்மா கிரேக்க நாட்டுக்குப் போய், ஒரு வயதான பெண்மணியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். அந்தப் பெண்மணியை அம்மா, பெரிய வீட்டு அம்மாக்களைச் சொல்வது போல, ‘நோனா’ என்றுதான் சொல்வார். முதலில் அவர்கள் பெரிய நகரம் ஒன்றில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் அம்மா பேசும்போது பின்னால் வாகன இரைச்சல் கேட்கும். கேட்பதற்கு அது வெளிநாடு மாதிரியே இருந்தது. பிறகு ஒரு ஞாயிறு, நோனாவுக்குத் தன் சொந்த ஊரில் போய் இருக்க ஆசை வந்துவிட்டது, அது கடல் நடுவே ஒரு சின்னத் தீவு, இரண்டு பேரும் அங்கே வந்துவிட்டோம் என்று அம்மா சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒரு சேவல் கூவியது. அதற்குப் பின்னால் ஆட்டு மணிச் சத்தம்.

அப்பாவின் போனுக்கு சிக்னல் கிடைப்பது லயத்துப் பீலிக்கரையில் மட்டும்தான். அங்கே தண்ணீர் பிடிக்க நிற்பவர்கள் எல்லோரும் எங்கள் குடும்பச் செய்தியைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். அன்று நின்றவர் குவைத் மாமி. குவைத்தில் வேலை செய்துவிட்டு வந்தவர் என்பதால், வெளிநாடு சம்பந்தமான எல்லா வழக்குகளுக்கும் எங்கள் லயத்தில் அவர்தான் நீதிபதி.

“தம்பி, நா குவைத்துல இருந்த காலத்துல ஒரு கோழிய உசுரோட கண்டதில்ல. எல்லாம் ஐஸ்ல கெடக்கும். ஃபாரின்ல ஏது சேவல்?”

“அது தீவாம்க்கா” என்றார் அப்பா.

“தீவுன்னா? நம்மளும் தீவுலதானே இருக்கோம்! எனக்கென்னமோ இந்தா இருக்குற நாவுல டவுன் பக்கம் இருந்து பேசுற மாதிரி இருக்கு.”

மாமி சிரித்துக்கொண்டே குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அப்பா சிரிக்கவில்லை.

எனக்கோ அந்தப் பேச்சு வேறு விதமாகப் பிடித்துக்கொண்டது. தீவு பொய் என்றால் அம்மா நாவுலயில் இருக்கிறார். நாவுல என்றால் மாத்தளைக்குப் போய் பஸ் மாறினால் போதும். ஆகவே தீவு பொய்யாக இருக்க வேண்டும் என்று நான் விரும்பினேன். விரும்பியதால் தீவிரமாகச் சந்தேகப்பட்டேன்.

பள்ளிக்கூடத்துச் சுவரில் இருந்த உலகப் படத்தில் தேடினேன். கிரேக்கத்தை ஒட்டிய கடலில் மிளகைச் சிந்தியது போலப் புள்ளிகள். படிப்பிக்கும் சேரிடம் கேட்டேன். “இதுல உங்கம்மா எந்தப் புள்ளியில இருக்காங்கன்னு நா எப்புடிடா சொல்றது? பாதிக்குப் பேரே போடல” என்றார். பேரில்லாத இடத்தில் இருப்பதாக யாரும் சொல்லிவிடலாம் அல்லவா? என் சந்தேகம் இன்னும் பெரிதாகியது.

அம்மாவைக் கேள்வி கேட்டு மடக்குவது என்று முடிவு செய்தேன். இதில் அப்பா எனக்கு உதவியாக இருந்தார். சோறு வடிக்கும்போது, “தண்ணி எங்கேருந்து வருதாம்? கேட்டியா?” என்பார். விறகு பிளக்கும்போது, “வீடெல்லாம் எப்புடியாம்?” என்பார்.

“நீங்களே கேளுங்களேன்ப்பா.”

“நீ கேளு. நீதானே படிக்கிற புள்ள.”

நான் கேட்டேன். அம்மா சலிக்காமல் விளக்கினார். தீவில் ஆறு கிடையாது. கோடை முழுக்க ஒரு சொட்டு மழை இல்லை. மாரியில் பெய்யும் மழையைக் கூரையிலிருந்து இறக்கி, வீட்டுக்கு அடியில் ஒரு தொட்டியில் சேர்த்து வைப்பார்கள். மலைச்சரிவு முழுக்கக் கல்லடுக்கிப் படிப்படியாகக் கட்டியிருக்கிறார்கள். சுண்ணாம்பு, சீமெந்து எதுவும் பூசாத வெறுங்கல். அந்தப் படிகளில் முன்பு பார்லி விதைத்தார்களாம், இப்போது ஆடு மேய்கிறது.

கல்லடுக்கிய மலைச்சரிவா? எங்கள் தோட்டத்தில் இல்லாத கல்லடுக்கா!

அடுத்த ஞாயிறு வீடுகளைப் பற்றிக் கேட்டேன். முற்காலத்தில் கடற்கொள்ளைக்காரர்கள் வருவார்களாம். அதற்குப் பயந்து கரையில் குடியிருக்காமல், மலை உச்சியில் வீடுகளை ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாகக் கட்டினார்களாம். வெளிப்பக்கச் சுவரில் ஜன்னல் வைக்காததால் அந்த வீட்டு வரிசையே கோட்டையாக நின்றதாம்.

“லயம் மாதிரியா?” என்றேன்.

“அட, ஆமாடா! நம்ம லயம் மாதிரியேதான்!” என்று அம்மா சந்தோஷமாகச் சொன்னார்.

அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் அப்பா முகத்தைப் பார்த்தேன்.

அதன் பிறகு அம்மா என்ன சொன்னாலும் எங்களுக்கு அது நம் ஊராகவே தெரிந்தது. எங்களைப் போர்த்துக்கீசர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆண்டது போல அந்தத் தீவை வெனிஸ்காரர், துருக்கியர், இத்தாலியர் என்று மாறி மாறி ஆண்டார்களாம். நோனா சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்கூடத்தில் இத்தாலி மொழிதானாம். உலக யுத்த காலத்துப் பஞ்சத்தில் மலைக்கீரையைப் பறித்துத் தின்று உயிர் பிழைத்தவர், இன்றும் கத்தியை எடுத்துக்கொண்டு கீரை பறிக்கக் கிளம்பிவிடுவாராம்.

“கீரையா? வெள்ளக்கார நோனாவா?” குவைத் மாமி குடத்தை இடுப்பில் வைத்தபடி வாயில் கையை வைத்துக்கொண்டார். “கத விட்டாலும் ஒரு அளவு வேணாமா தம்பி?”

அன்று இரவு அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. ஞாயிறு வந்தது. போன் அடித்ததும் அப்பா என் காதருகே குனிந்து, “அந்த நோனாகிட்ட போனைக் குடுக்கச் சொல்லு” என்றார்.

நான் சொன்னேன். மறுபக்கம் காற்று மட்டும் கேட்டது.

“இத நீயா கேக்குற?” என்றார் அம்மா.

“நான்தான்” என்றேன், பெருமையாக.

அப்பா பீலித் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்பா பக்கத்துல இருக்காரா?”

“இருக்காரு.”

“அவருகிட்டயே போனைக் குடு.”

அப்பா போனைக் காதில் வைத்தார். உடனே அதிலிருந்து ஒரு குரல் வந்தது, பீலிக்கரையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி. தமிழ் இல்லை, சிங்களம் இல்லை, தொரைமார் பேசும் இங்கிலீசும் இல்லை. ஒரு கிழட்டுக் குரல் மூச்சு விடாமல் ஏசியது. அப்பா நிமிர்ந்து நின்று, “சரிங்க… சரிங்க…” என்றார். ஏச்சு நிற்கவில்லை. “சரிங்க நோனா” என்றார். கடைசியில் அந்தக் குரல் அழுதது.

அந்தப் பக்கம் அம்மா போனை வாங்கி, “மகன்னு நெனச்சுட்டாங்க. அவங்க பிள்ளைங்க ஆஸ்திரேலியாவுல. ஏன் இன்னும் ஊருக்கு வரலன்னு ஏசுறாங்க” என்றார். பிறகு அப்பாவிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். அது எனக்குக் கேட்கவில்லை. அப்பா, “அப்புடி இல்ல… அப்புடி இல்ல…” என்று மட்டும் சொன்னார்.

தீவு நிஜமாகிவிட்டது. அப்பாவின் முகத்திலிருந்து ஒரு பாரம் இறங்கியிருந்தது. “கேட்டீங்களாக்கா? வெளிநாட்டுப் பாஷதான்” என்று குவைத் மாமியைத் தேடிப் போய்ச் சொன்னார். மாமியும், “நா அப்பவே சொன்னேனே” என்று தீர்ப்பை மாற்றிக்கொண்டார். நான் ஒருவன்தான் கொக்கோ மரத்தடியில் போய் அழுதேன். நாவுல பஸ்ஸில் ஏறி இனி எங்கும் போக முடியாது.

அடுத்த ஞாயிறு அம்மா, “சாப்ட்டியா? படிக்கிறியா?” என்று கேட்டார். நான் தீவைப் பற்றிக் கேட்டேன். இப்போது எனக்கு அதில் சந்தேகம் எதுவும் இல்லை, கேட்கவே ஆசையாக இருந்தது.

“காத்து அடிக்குதாம்மா?”

“அடிக்குது.”

“கப்பல் வந்துச்சா?”

“வந்துச்சு.”

அவ்வளவுதான். அப்பா போனை வாங்கக் கை நீட்டினார். அதற்குள் அம்மா வைத்துவிட்டார்.

சின்னத் தீவுதானே, சொல்வதற்கு இருந்ததெல்லாம் தீர்ந்துபோயிருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.