பதினொரு மணிக்கு முடங்கிய கணினி

கேரள எல்லையிலுள்ள பாறசாலையில் என் வீட்டில், காலை பதினொரு மணிக்கு நான் ‘அ’ அடித்தால் அது திரையில் விழ, ஒரு தம்ளர் தண்ணீர் குடித்து முடிக்கும் நேரம் ஆனது. அதுவரை ஒழுங்காக ஓடிய கணினி, அந்த நேரம் வந்ததும் விசிறி இரைச்சலிட அப்படியே உட்கார்ந்துவிடும். அருப்புக்கோட்டையை விட்டு இங்கே வந்து மூன்று வருடம் ஆகிறது. கணவருக்கு நெய்யாற்றின்கரையில் வேலை. நான் வாடகை மாடியிலிருந்தபடி சிவகாசி அச்சகமொன்றுக்குத் தமிழ்ப் புத்தகங்களைத் தட்டச்சு செய்து அனுப்புகிறேன்.

என் சந்தேகம் கீழ்வீட்டு ஸ்டெல்லா அக்கா மேல்தான் விழுந்தது. வீட்டுக்காரர் அவர், மிஷன் பள்ளியில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நம் ஊரில் ஒருவர் வீட்டுக்கு வந்தால் தெருவிலேயே குரல் கொடுப்பார்கள். சண்டையென்றாலும் வாசலில் நின்றுதான். அக்காவோ செருப்புச் சத்தம்கூட இல்லாமல் மாடியேறி வந்து, “எந்தா மக்கா, ஊண் கழிஞ்ஞா?” என்று சாப்பாட்டை விசாரித்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஏதோ இருக்கிறதென்றே நினைத்தேன். என்னிடம் தமிழில் பேசிக்கொண்டே பக்கத்து வீட்டாரிடம் மலையாளத்துக்குத் தாவும்போது, பேச்சு என்னைப் பற்றித்தானோ என்று குடையும்.

போன மாதம் தன் ஓய்வூதியக் காகிதம் ஒன்றை அனுப்ப, அக்கா என் கணினியில் உட்கார்ந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். போகும்போது, “ஒரு பெட்டி வந்து என்னவோ கேட்டுதாக்கும். நான் அதைக் களஞ்சேன்” என்றார். புரியாமல் தலையாட்டினேன். மறுநாள் பார்த்தால், ஊரிலிருந்து கொண்டுவந்த தட்டச்சு மென்பொருளைக் காணோம். அதில்லாமல் அச்சகத்தின் பழைய எழுத்துருவில் ஒரு வரிகூட ஓடாது; வேறு எழுத்துருவில் அடித்து அனுப்ப, அவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. பதினொரு மணி முடக்கமும் அந்த வாரம்தான் தொடங்கியது. ‘களஞ்சேன்’ என்றால் தூக்கிப்போட்டேன் என்று பக்கத்துக் கடையில் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடவுச்சொல்லை மாற்றினேன். அடுத்த வாரம் அக்கா இன்னொரு காகிதத்தோடு வந்தபோது கதவைப் பாதி திறந்து, “கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுக்கா” என்றேன்.

“சாரமில்ல மக்கா, பரவால்ல. ஜங்ஷன்ல போயி அனுப்பிட்டு வாறேன்.” அந்த வெயிலில் குடையை விரித்துக்கொண்டு நடந்தார். நான் கதவைச் சாத்திவிட்டுத் தட்டச்சைத் தொடர்ந்தேன்.

வேலை தாமதமாக, அச்சகத்தில் வேறு ஆள் பார்க்கவா என்று கேட்டுவிட்டார்கள். வேறு வழியில்லாமல் ஒருநாள் பதினொரு மணிக்குக் காத்திருந்து, எந்த நிரல் எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்தேன். முதலிடத்தில் இருந்தது கணினியோடு கூடவே வந்த ஆன்டிவைரஸ். அந்த வாரம் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு, தினமும் பதினொன்றுக்கு முழுச் சோதனை என்று வைத்துக்கொண்டிருந்தது. பத்து வருடமாக நான் சுருக்கிக் கட்டி வைத்த கோப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தது. வைரஸ் என்று சந்தேகித்து அது ஒதுக்கி வைத்தவற்றின் பட்டியலில் என் தட்டச்சு மென்பொருள். தேதி, அக்கா வந்த நாள். அதைச் சொல்லத்தான் அந்தப் பெட்டி திரையில் எழும்பியிருக்கிறது. அக்கா களைந்தது பெட்டியை மட்டும்.

அச்சகத்தில் இருப்பதும் அதே கோப்புதானா என்று ஒப்பிட்டு உறுதி செய்துகொண்டு அதை மீட்டேன். அதற்கு மட்டும் விலக்குக் கொடுத்தேன். பழைய கட்டுகளை வெளி வன்தட்டுக்கு மாற்றினேன். முழுச் சோதனையை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினேன். கணினி பிழைத்துக்கொண்டது.

கீழே போனேன். அக்கா மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தார். “என் டைப்பிங் புரோகிராமை நீங்கதான் அழிச்சிட்டீங்கன்னு நினைச்சேன்க்கா.”

கத்தி நின்றது. “அதுக்காக்கும் கெட்டுப்போச்சுண்ணு சொன்னியா? மேல நீ டைப் அடிக்கிய சத்தம் எனக்குக் கேட்டுதே மக்கா.”



அப்போது என் போன் அலறியது. மழை எச்சரிக்கை, மலையாளத்தில். அடங்குவதற்குள் எல்லைக்கு அப்பாலிருந்து இன்னொன்று, தமிழில். அக்கா நிமிராமலே, “மேல துணி கெடக்கு” என்றார்.

மொட்டைமாடிக்கு ஓடி, கொடியில் கிடந்ததையெல்லாம் வாரிக்கொண்டு இறங்கினேன். முதல் துளிகள் விழுந்தன. பாதிப் படியில் நின்றேன். கையில் அவர் துணியும் என் துணியும் ஒன்றாகச் சுருண்டிருந்தன. கீழே அவர் கதவு திறந்துதான் கிடந்தது. வா என்ற குரல் மட்டும் வரவில்லை.