பச்சையாகவே இருக்க வேண்டிய மலை

என் பெயர்ப்பலகையில் ஃபைனான்ஸ் எக்ஸிகியூட்டிவ் என்று இருக்கிறது. இந்தத் தேயிலை எஸ்டேட்டில் எல்லோருக்கும் நான் கிராணிதான், கணக்கெழுதும் குமாஸ்தா. வெள்ளைக்காரன் போய் இத்தனை காலம் ஆகியும் மேனேஜரைத் துரை என்றே சொல்கிற இடம்; எனக்கு மட்டும் எதற்குப் புது மரியாதை? வீட்டில் அலமாரி நிறையப் பொருளாதாரப் புத்தகங்கள் வேறு. மனிதன் தன் பணத்தை அறிவோடு முதலீடு செய்கிறான் என்பது அவற்றின் சாரம். அடுத்தவன் பணத்தை எப்படி முதலீடு செய்வான் என்பதைத் துரையிடம்தான் கற்றேன்.

துரை கோலாலம்பூர்த் தமிழர். மூன்று வருடத்தில் மாற்றலாகிவிடுவார். போனஸோ, போட்ட முதலீடு எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது என்பதைப் பொறுத்தது. ஃபேக்டரியில் இலை காயவைக்கும் மெஷின் இருமிக்கொண்டிருந்தது. புதிது வாங்கினால் பலனை அடுத்த துரைதான் அனுபவிப்பார். எனவே பழைய மெஷினுக்கு ஆயுள் கெட்டி என்று முடிவாயிற்று. அந்தப் பணத்தில் ரோட்டோரச் சரிவின் மேல் கண்ணாடித் தரை போட்ட ஒரு டீக்கடை எழும்பியது. டூரிஸ்டுகள் டீயும் கேக்குமாக உட்கார்ந்து தேயிலை மலையைப் பார்ப்பார்கள்.

அவர்கள் பார்க்கும் மலை என் அக்கா புருஷனுடையது. அதாவது, அந்த மலைக்கு அவர்தான் மண்டோர். ஆட்களை வேலை வாங்கி, இலை நிறுத்து அனுப்புவார். வேலை இருக்கும்வரை கம்பெனி வீடு. மலை நஷ்டம் என்றால் மண்டோர் தேவையில்லை. மண்டோர் இல்லையென்றால் வீடும் இல்லை. அக்காவுக்கு வேறு வீடு கிடையாது.

சிக்கல் கவாத்தில் வந்தது. சில வருடங்களுக்கு ஒருமுறை செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால்தான் நல்ல தளிர் வரும். வெட்டிய மலை சில மாதம் பார்க்கச் சகிக்காது. தீப்பிடித்து அணைந்த மாதிரி குச்சி குச்சியாக நிற்கும். அந்த வருடம் அத்தானின் மலைக்கு முறை. கடைக்கு எதிரே குச்சி நிற்கக் கூடாது, கவாத்து வேண்டாம் என்றார் துரை.

கடையின் கணக்கைத் துரையிடம் கொண்டுபோனேன்.

"துரை, கடைக்காகக் கவாத்த நிறுத்தினா இலை கொறையும். அந்த நட்டத்தையும் கடைக் கணக்குல போட்டிருக்கேன்."

"அது ஃபீல்டு கணக்கு, கிராணி. கடையா இலை பறிக்குது?"

"கடையாலதான துரை நட்டம்?"

"நீங்க ரொம்பப் படிக்கிறீங்க. ஹெட் ஆபீஸ்ல அவ்வளவு படிக்க மாட்டாங்க லா. சிம்பிளா இருக்கட்டும்."

அந்த வரியை அவரே அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பேனா நல்ல பேனா.

அன்று மாலையே அத்தான் என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஏன் மச்சான், ஒங்க துரைக்கு மண்ட கழண்டுபோச்சா? கவாத்து வேணாங்குறான்."

"டூரிஸ்டுக்குப் பச்சையா தெரியணுமாம் அத்தான்."

"அப்ப பெயிண்ட் அடிக்கச் சொல்லு. செடி மரமாயிரும்யா."

ஞாயிற்றுக்கிழமைகளில் கடை பொங்கி வழிந்தது. கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரி வாங்கியவர்கள் எல்லோரும் இங்கே வந்து படம் எடுத்தார்கள். மலையும் குறை வைக்கவில்லை, அட்டகாசமான பச்சை. முற்றிய இலையின் கரும்பச்சை, ஃபேக்டரிக்கு ஆகாதது. இலை பறிக்கும் பங்களாதேஷ் ஆட்கள் கூடை நிரம்பாமல் வேறு மலை கேட்டார்கள்.

வருட முடிவில் இரண்டு கணக்கும் என் மேசையிலிருந்தே போயின. கடை பிரமாதமான லாபம், மலை நஷ்டம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஹெட் ஆபீஸில் ஆள் இல்லை. அல்லது அந்த ஆளுக்கும் போனஸ் இருந்தது.

துரை பதவி உயர்வோடு கிளம்பினார். பிரிவு உபசார விருந்தில் என்னைக் கட்டிப்பிடித்து, "எல்லாம் டீம் ஒர்க்" என்றார். போகுமுன் அவர் எடுத்த கடைசி முடிவு: நஷ்ட மலையில் இனி இலை பறிக்க வேண்டாம். செடிகள் காட்சிக்கு அப்படியே நிற்கலாம். மண்டோர் நிற்க வேண்டாம்.

அக்கா ரிங்லெட் டவுனில் ஒரு கடைக்கு மேலே வாடகை அறை பார்த்தாள். சாமான் ஏற்ற உதவிக்குப் போனேன்.

"இத்தன படிச்சியே, ஒன் கணக்குல எங்க வீடு எந்தப் பக்கம்டா இருந்துச்சு?"

"எந்தப் பக்கத்துலயும் இல்லக்கா."

"அதானே பாத்தேன். அந்தப் பீரோவ ஒழுங்காப் புடி, அதுக்கு ஒரு கால் ஒடைஞ்சிருக்கு."

லாரி ரோட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டது. கடைக்கு வந்த கார்கள் இருபக்கமும் அடைத்திருந்தன. டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார், யாரும் நகரவில்லை. எல்லோரும் மலையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அத்தான் இறங்கினார். ஆட்களை விரட்டிப் பழகிய குரலில் கார்களை ஒவ்வொன்றாக விலக்கி, தன் வீட்டுச் சாமானுக்குத் தானே வழி செய்தார். ஒரு பெண் அவரைக் கடை ஆள் என்று நினைத்து, டாய்லெட் எங்கே என்று கேட்டாள். கையை நீட்டி வழி காட்டிவிட்டு லாரியில் ஏறிக்கொண்டார்.