பேனரில் இருந்த கை

அப்பா இறந்த அன்று மதியத்துக்குள் பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டிவிட்டார்கள். கட்டியவர் ஊரில் நிலத் தரகு செய்பவர். அப்பாவின் முகத்தைவிட அவர் முகம்தான் பெரிதாக இருந்தது, பல்லெல்லாம் தெரிய. சாவு பேனரில் எவனாவது சிரிப்பானா?

அப்பாவின் தலையை மட்டும் வெட்டி, நெஞ்சு நிறைய மெடல் குத்திய யாரோ ஓர் அதிகாரியின் உடம்பில் ஒட்டியிருந்தார்கள். அப்பா ராணுவத்தில் லாரி ஓட்டியவர். அதன்பிறகு ஒரகடத்தில் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் அம்மாவுக்குக் காய் நறுக்கிவைத்து, எனக்குத் தலை பின்னிவிட்டுத்தான் போவார். வலது கையில் இரண்டு விரல் கிடையாது. ராணுவத்தில் டயர் மாற்றும்போது ஜாக்கி நழுவி நசுங்கிப் போனவை. மிச்ச விரல்களால் அவர் பின்னிய சடை சாயங்காலம் வரை அவிழாது.

"மிலிட்டரிக்காரரு, கெத்தா இருக்க வேணாமா? எப்டி கீறாரு பாரு உங்கப்பா" என்றார் தரகர்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தும் பேனரை அவிழ்க்கவில்லை. அன்றுதான் அம்மா அதன் அருகே போய், சல்யூட் அடிக்கும் அந்தக் கையை உற்றுப் பார்த்தாள்.

"இன்னாடி இது, அஞ்சு விரலும் கீது? யாரு கை இது?"

கட்டுவதற்கு முன் வாட்ஸ்அப்பில் டிசைனை அனுப்பி, சரியா என்று என்னிடம்தான் கேட்டார்கள். பார்த்துவிட்டு, கட்டைவிரல் படத்தைத் தட்டி அனுப்பியவள் நான்.