எல்ராயின் நாற்பது ஏக்கர் மௌனம்

ஹெம்லாக் கிராசிங் என்ற சிற்றூரில் முடிதிருத்தும் கடை ஒன்றே ஒன்றுதான். அதில் முடி வெட்டும் நாற்காலியும் ஒன்றுதான். காத்திருப்பவர்களுக்கு மட்டும் ஆறு நாற்காலிகள். அந்த ஆறும் காலியாக இருந்ததே கிடையாது. உட்கார்ந்திருப்பவர்களில் முடி வெட்டிக்கொள்ள வந்தவர் ஒருவர் இருந்தால் அதிகம். மற்றவர்கள் பேச வந்தவர்கள். அவர்களில் இரண்டு பேருக்கு வெட்டுவதற்கு முடியே கிடையாது.

எல்ராய் வாக்ஹோல்ஸ் முப்பத்தொரு வருஷமாக அந்த நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறார். செவ்வாய் முதல் சனி வரை காலை எட்டு மணிக்குத் தொடங்கும் பேச்சு மாலை ஐந்துக்குத்தான் ஓயும். யாருக்கு முழங்கால் வலி, யார் வண்டி பனியில் சறுக்கியது, யார் மருமகன் உருப்படமாட்டான் என்று எல்லாம் அவர் காதில்தான் வந்து விழும். "அப்படியா", "அட", "அதுசரி" என்று மூன்றே சொற்களை வைத்துக்கொண்டு அவர் தொழிலை ஓட்டிவந்தார்.

பேச்சாளர்களுக்கெல்லாம் தலைவர் ஆர்வின் ஸ்கிபா. தூண்டில் புழுவும் பெட்ரோலும் விற்றுக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவர். ஜன்னலோர நாற்காலி அவருடையது. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவார். கேட்க ஆள் இல்லாவிட்டாலும் அவருக்குக் குறையில்லை.

இந்தக் காரணத்தால்தான் எல்ராய் பதினொரு வருஷத்துக்கு முன் தன் படகை விற்று ஊருக்கு வெளியே நாற்பது ஏக்கர் காடு வாங்கினார். பாதி மேடு, பாதி சதுப்பு. மேட்டில் மேப்பிள் மரங்கள், சதுப்பில் கொசு. நடுவில் ஒரு கிழட்டு ஹெம்லாக் மரம். அதன் அடியில் பழைய பெயிண்ட் வாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டிருந்தார். கடைக்கு விடுமுறையான திங்கட்கிழமைகளில் போய் அந்த வாளியில் உட்காருவார். அவ்வளவுதான். மரம் எதுவும் அவரிடம் முழங்கால் வலியைப் பற்றிச் சொன்னதில்லை.

ஆனால் ஊரில் இதைச் சொல்ல முடியுமா? "உங்களிடமிருந்து தப்பிக்கத்தான் போகிறேன்" என்று வாடிக்கையாளரின் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு சொல்வது நன்றாக இருக்காது. ஆகவே, "வாராவாரம் அங்க போய் என்னதான் பண்றே?" என்று ஆர்வின் முதன்முதலாகக் கேட்டபோது, எல்ராய் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார்.

"ஒரு கலைமானைப் பாத்து வச்சிருக்கேன்."

"எத்தனை கிளை கொம்பு?"

"பதினாலு."

கடையில் பேச்சு நின்றது. அதற்குமுன் அது நின்றதே கிடையாது.

அதற்குப் பிறகு பதினாலு கொம்பன் வளர்ந்துகொண்டே போனான். ஒரு வருஷம் அவன் காதில் கிழிசல் வந்தது. இன்னொரு வருஷம் லேசாக நொண்டினான். ஒவ்வொரு நவம்பர் வேட்டைக் காலத்திலும் நூலிழையில் தப்பினான். எல்ராய் கண்ணால் பார்த்ததென்னவோ சில பெண்மான்களும் ஒரு முள்ளம்பன்றியும்தான். அவர் துப்பாக்கியை எடுத்துப் போவார், மரத்தில் சாத்துவார், தூங்குவார்.

மனைவி மார்லிஸுக்கு எல்லாம் தெரியும். பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளைச் சமாளிக்கிற பெண் அவர். "உனக்கு மானும் வேணாம் மண்ணும் வேணாம். வாயை மூடிக்கிட்டு நிக்கிற மரம்தான் வேணும்" என்பார். அதோடு விட்டுவிடுவார்.

விட்டுவிடாத நாளும் வந்தது. பக்கத்து நாற்பது ஏக்கரைச் சிகாகோக்காரர் ஒருவர் கேட்ட விலை கொடுத்து வாங்கினார். வரிக்காக நிலத்தின் விலையை மதிப்பிடுகிறவர் வந்து எல்ராயின் காட்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். டிசம்பரில் எகிறி வந்த சொத்துவரிச் சீட்டைப் பிரித்ததும் மார்லிஸ் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எல்ராய், ரோட்டுக்கு அந்தப் பக்கம் சோளம் போட்டிருக்கிறவன் எவ்வளவு கட்டுறான்?"

"அது விவசாய நிலம். கணக்கே வேற."

"அப்போ மாடு மேஞ்சா கம்மி, மான் மேஞ்சா அதிகமா?"

"மான் பொழுதுபோக்குல வருதாம்."

"மானுக்கா, உனக்கா?"

கூரையின் ஒழுகல் வாளியில் சொட்டுவது நன்றாகக் கேட்டது.

"இங்க பாரு," என்றார் மார்லிஸ். "அந்தக் காடு தன் வரியைத் தானே சம்பாதிக்கட்டும். ரெண்டு வருஷம் பாப்போம். முடியலேன்னா சிகாகோக்காரனுக்கே கொடுத்துடு. நான் கூரை போட்டுக்கறேன்."

கூரை வேண்டியதுதான். ஆனால் திங்கட்கிழமை இல்லாத ஒரு வாரத்தை எல்ராயால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

மார்ச்சில் மேப்பிள் மரங்களில் துளை போட்டு வாளி மாட்டினார். இனிப்புச் சாறு ஓடியது. அதைப் பாகாகக் காய்ச்சி விற்பது திட்டம். வெளியே அடுப்பு மூட்டித்தான் காய்ச்ச வேண்டும் என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வெளியே குளிர் அதிகமாக இருந்ததால் எல்ராய் வீட்டு அடுப்பில் ஏற்றினார். நாற்பது வாளி சாற்றில் முப்பத்தொன்பது வாளி ஆவியாகிவிடும். அந்த முப்பத்தொன்பதும் சமையலறைச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. மூன்றாம் நாள் மார்லிஸ் வேலை முடிந்து வந்தபோது, சேவல் படம் போட்ட சுவர்க்காகிதம் முழுநீளத்துக்கு உரிந்து, நுனி பாகுக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

"எத்தனை போத்தல் வந்துச்சு?"

"ஒன்பது."

"சேவலோட சேத்தா, சேக்காமலா?"

நவம்பரில் நகரத்து ஆட்கள் நான்கு பேருக்கு வேட்டைக்காகக் காட்டை வாடகைக்கு விட்டார். அவர்கள் ஜெனரேட்டர் கொண்டுவந்தார்கள். ஜெனரேட்டர் எதற்கென்றால், தொலைக்காட்சிக்கு. தொலைக்காட்சி எதற்கென்றால், கால்பந்து பார்க்க. மான்கள் அடுத்த மாவட்டத்துக்கே போயிருக்கும். எல்ராய் சதுப்பின் ஓரத்தில் காதைப் பொத்திக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றார். பிறகு பணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அடுத்த வசந்தத்தில் வந்தவள்தான் பிரிட்டா. காடுகளை அளந்து, எந்த மரத்தை எப்போது வெட்டலாம் என்று திட்டம் எழுதித் தருகிற இளம்பெண். அரசின் வனத் திட்டத்தில் சேர்ந்தால் வரி குறையும் என்று மார்லிஸ்தான் விசாரித்து வரவழைத்திருந்தார். பிரிட்டா முழங்கால் வரை சேற்றோடு காட்டைச் சுற்றிவந்து, வண்டியின் முகப்பில் தாள்களை விரித்தாள்.

"இருபத்தஞ்சு வருஷ ஒப்பந்தம், மிஸ்டர் வாக்ஹோல்ஸ். நான் சொல்றப்போ மரம் வெட்டணும். இன்னொரு கேள்வி. திறந்து வைக்கிறீங்களா, மூடி வைக்கிறீங்களா?"

"எதை? கதவே கிடையாதேம்மா."

"காட்டைத்தான். திறந்து வச்சா யார் வேணா வந்து நடக்கலாம், வேட்டையாடலாம். வரி ரொம்பக் கம்மி. மூடி வச்சா உங்களுக்கு மட்டும்தான், ஆனா அதுக்குத் தனியா கட்டணும்."

எல்ராய் வெகுநாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தார். "இங்க யாரும்மா வருவா? பாதி சேறு. எனக்கே ரெண்டு தடவை வழி தப்பிருக்கு."

"வரைபடத்துல போடுவோம். பச்சை நிறத்துல."

"போடு, போடு. கொசுவையும் சேத்துப் போடு."

திறந்து வைப்பதாகக் குறித்துக் கையெழுத்துப் போட்டார். அந்த டிசம்பர் இல்லாமல் அதற்கடுத்த டிசம்பரிலிருந்து வரிச் சீட்டு பழையதில் ஒரு துண்டாகிவிடும். மார்லிஸ் கூரைக்காரரைக் கூப்பிட்டு விலை கேட்டு வைத்தார். எல்ராய் திங்கட்கிழமைகளில் வாளியில் உட்கார்ந்து தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார்.

ஒப்பந்தம் அமலுக்கு வந்த வருஷம் அக்டோபரில், ஒரு வியாழக்கிழமை, ஆர்வின் கையில் ஒரு தாளோடு கடைக்குள் வந்தார். தாளில் ஒரு சின்னப் பச்சைச் சதுரம்.

"டேய் எல்ராய்! இது உன்னோடது இல்லே?"

கத்தரிக்கோல் நின்றது.

"யார் வேணா வரலாம்னு போட்டிருக்கே! பதினோரு வருஷமா ஒருத்தனையும் சேக்காதவனுக்கு இப்போ மனசு எளகிடுச்சா?"

ஆறு நாற்காலியும் எழுந்து தாளைச் சுற்றி நின்றன. எல்ராய் அப்போதுதான் தன் தவறைப் பார்த்தார். சேறும் கொசுவும் தடுத்திருக்கும். வழி தெரியாதவர்களைத் தடுத்திருக்கும். ஆனால் பதினாலு கொம்பன் எந்த மேட்டில் மேய்கிறான், எந்த ஓடையில் தண்ணீர் குடிக்கிறான், எந்த ஹெம்லாக்கைத் தாண்டிப் போகிறான் என்று இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? பதினொரு வருஷமாக அவரே ஒவ்வொரு தலையாகப் பாடம் நடத்தியிருக்கிறார்.

"அவன் செத்துட்டான்," என்றார் அவசரமாக. "குளிர்ல."

"பாத்தியா," என்று ஆர்வின் மற்றவர்களைப் பார்த்துக் கண் சிமிட்டினார். "இந்த வருஷம் இவன் கண்டிப்பா அதை அடிக்கப்போறான். அதான் நம்மளைத் துரத்துறான்."

அடுத்த வாரம் எல்ராய் உண்மையையே சொல்லிப் பார்த்தார். "ஆர்வின், அப்படி ஒரு மானே கிடையாது. எல்லாம் பொய்."

ஆர்வின் அவரை அனுதாபத்தோடு பார்த்தார். "அவ்வளவு பெரிசாயிடுச்சா?"

வேட்டை தொடங்கும் சனிக்கிழமையன்று ஊரில் எந்தக் கடையும் திறக்காது; வேட்டை நடக்கும் ஒன்பது நாளும் எல்ராயின் கடையும் திறக்காது. எல்ராய் விடியுமுன் கிளம்பும்போது மார்லிஸ் வாசல்வரை வந்தார். கணவரின் முகத்தைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது.

"பிரிட்டாகிட்ட பேசினேன். மூடுறதுக்கு ஒரு படிவம் இருக்காம். கட்டணம் ஏறும், ஏறட்டும். கூரையில முன்பக்கம் மட்டும் இப்போ போட்டுக்கலாம்."

எல்ராய் தலையாட்டினார். பின்பக்கத்தில்தான் ஒழுகல்.

பாதையோரம் ஏழு வண்டிகள் நின்றன. விடியத் தொடங்கியதும் மரங்களுக்கிடையே வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சு நிறம் தெரிந்தது. மேட்டில் மூன்று தொப்பி, ஓடைப் பக்கம் இரண்டு, விழுந்து கிடந்த மரத்துக்குப் பின்னால் ஒன்று. தபால்காரர், பல் மருத்துவர், முடியில்லாத இருவர் என்று அவர் கடையே பெயர்ந்து வந்து காட்டில் உட்கார்ந்திருந்தது. எல்ராய் தன் வாளியில் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். சருகு நொறுங்கும் சத்தம் கேட்டது. ஆர்வின். மடக்கு நாற்காலியை விரித்து, முப்பது அடி தள்ளி உட்கார்ந்தார்.

எல்ராய் தோளை இறுக்கிக்கொண்டு காத்திருந்தார். முழங்கால் வரும், மருமகன் வருவான், பெட்ரோல் விலை வரும்.

எதுவும் வரவில்லை.

ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். ஆர்வின் வாயை இறுக மூடியிருந்தார். தும்மல் வந்தபோது முகம் சிவக்க மூக்கைப் பிடித்து அதை விழுங்கினார். வேட்டைக் காட்டில் பேசுகிறவன் மனுஷனே இல்லை என்பது இந்த ஊரில் தேவாலயத்தைவிடக் கண்டிப்பான விஷயம். எட்டு மணி ஆயிற்று. ஒன்பது ஆயிற்று. பொடிப் பனி விழத் தொடங்கியது. ஆர்வின் எழுந்து, பூனைபோல் நடந்து வந்து, ஒரு துண்டு மான் தொத்திறைச்சியை எல்ராயின் முழங்காலில் வைத்துவிட்டு, பூனைபோலவே திரும்பிப் போனார். ஒரு சொல் இல்லை.

பத்து மணிக்கு ஒரு பெண்மான் குட்டியோடு வந்தது. பனியை மோந்து பார்த்தது. சுற்றிலும் எட்டுத் துப்பாக்கிகள், ஒன்றும் உயரவில்லை. எல்லோரும் வேறொருவனுக்காகக் காத்திருந்தார்கள். மான் நிதானமாகச் சதுப்புக்குள் இறங்கிப் போயிற்று. ஆர்வின் திரும்பி எல்ராயைப் பார்த்தார். அவர் கண்கள் பிள்ளையின் கண்கள்போல் விரிந்திருந்தன. இந்த மனிதரின் வாயைத் தவிர மற்றதை எல்ராய் இவ்வளவு காலமும் கவனித்ததில்லை.

மத்தியானம் வண்டிகளுக்குத் திரும்பியபோதுகூட எல்லோரும் கிசுகிசுப்பாகத்தான் விடைபெற்றார்கள்.

"அந்தப் படிவம் மேஜைமேல இருக்கு," என்றார் மார்லிஸ், இரவுச் சாப்பாட்டில்.

"இருக்கட்டும்."

"கையெழுத்துப் போடலையா?"

"கூரையை முழுசாப் போட்டுடு," என்று சொல்லிவிட்டு எல்ராய் இன்னொரு உருளைக்கிழங்கு எடுத்துக்கொண்டார். "ஆர்வின் ஒன்பது நாளும் வர்றானாம்."

மார்லிஸ் அவர் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை.

வேட்டை முடிந்த பிறகு வந்த முதல் செவ்வாய்க்கிழமை, கடையின் ஆறு நாற்காலியும் நிறைந்திருந்தன. ஒன்பது நாள் அடக்கிவைத்ததெல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வந்துகொண்டிருந்தது. ஆர்வின் வெட்டும் நாற்காலியில் ஏறினார். துணியைக் கழுத்தில் கட்டுவதற்குள் தொடங்கிவிட்டார்.

"எல்ராய், என் மருமகன் இருக்கானே, அவன் நேத்து என்ன பண்ணினான்னா…"

எல்ராய் குனிந்தார். ஆர்வினின் காதருகே வாயை வைத்து, மூச்சைவிட மெல்லிய குரலில் சொன்னார்.

"அசையாதே. வலது பக்கம். பதினாலு."

ஆர்வின் கல்லானார். கண்மணிகள் மட்டும் மெதுவாக வலப்பக்கம் நகர்ந்தன. அங்கே துண்டு மாட்டும் ஆணிதான் இருந்தது. பின்னால் மற்ற நாற்காலிகளும் ஒவ்வொன்றாக வாயை மூடின. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

எல்ராய் கத்தரிக்கோலை எடுத்தார். முப்பத்தொரு வருஷத்தில் முதன்முறையாக, அது முடியை வெட்டும் சத்தம் அவருக்குக் கேட்டது.