பாதிரியாரைச் சாய்த்த செரெய்மா

வரப்பில் நின்றபடி கோழி இறகு ஒன்றை மேலே பறக்கவிடுகிறாள் செரெய்மா. ஆளில்லாத சரிவுப் பக்கம் அது மெல்லப் போனால்தான் கத்திரிக்கு மருந்து. வீட்டுப் பக்கமோ ஆற்றுப் பக்கமோ திரும்பினால் அன்றைக்குத் தெளிப்பு இல்லை.

சிகடோகா ஆற்றங்கரை வெயிலிலும் முழங்கால் பூட்ஸ், முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி, முகமூடி. அதற்குள்ளிருந்து தேவாலயப் பாட்டு வேறு. வெளியே கேட்பதென்னவோ தவளைச் சத்தம்தான்.

பக்கத்துத் தோட்டத்து இனோகே அவளுக்கு மாமன் மகன். அரைக்கால் சட்டை, வெறுங்கால்.

"என்ன புள்ள, நிலாவுக்கா கெளம்பிட்ட?"

"ஆமா மச்சான். நீ போற எடத்துக்குத்தான் செருப்புகூட வேணாமே!"

காலி மருந்து டப்பாக்களைக் கழுவி ஓட்டை போட்டுவிடுவாள். "இல்லன்னா ஒன் பொண்டாட்டி இதுல தேங்காப்பால் ஊத்தி வெப்பா."

போன மாதம் ஒரு காலை, மீந்த களைக்கொல்லியை இனோகே கோலா பாட்டிலில் ஊற்றுவதைப் பார்த்துக் கத்தினாள். "இப்ப எடுத்து வெக்கிறேன்" என்றான். மறந்தான்.

மதியம் இனோகே வீட்டுக்கு வியர்க்க விறுவிறுக்க வந்தார் பாதிரியார் யோசேவா. ஆள் மலை மாதிரி. வாசல் மேசையில் கோலாவைக் கண்டதும் முகம் மலர்ந்தது. மூடியைத் திருகினார்.

தோட்டத்திலிருந்து செரெய்மா அலறினாள். முகமூடிக்கு வெளியே தவளைதான் கத்தியது. முதுகில் மாட்டியிருந்த மருந்துத் தொட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். பாட்டில் உதட்டருகே போகும்போது, ரக்பி ஆட்டக்காரனைப் போலப் பாய்ந்து அவர் இடுப்பைக் கட்டிச் சாய்த்தாள். பாட்டில் ஒரு பக்கம், பாதிரியார் ஒரு பக்கம்.

அவித்த மரவள்ளிக்கிழங்குத் தட்டோடு வெளியே வந்த இனோகே சிரிக்கத் தொடங்கினான். பாட்டிலைப் பார்த்ததும் ஓரடி பின்வாங்கினான்.

"செரெய்மா, நான் என்னம்மா பாவம் பண்ணேன்?" என்றார் தரையில் கிடந்த பாதிரியார்.

"நீங்க ஒண்ணும் பண்ணல ஐயா. பண்ணவன் கெழங்கோட நிக்கிறான். அதுல இருந்தது களைக்கொல்லி!"

பாதிரியார் சிந்திக்கிடந்த பாட்டிலை எட்டிப் பார்த்தார். அவளோ அவர் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"எஞ்சட்டை பூரா மருந்து. இப்ப ஒங்க மேலயும் ஒட்டியிருக்கும். நடங்க கொழாய்க்கு. சோப்பு போட்டுக் குளிக்கணும்!"

குளித்து முடித்தவருக்கு இனோகே மனைவியின் பூப்போட்ட சுலு வேட்டிதான் கிடைத்தது. அது அவர் இடுப்பை முக்கால் சுற்றுதான் சுற்றியது. அவரே முதலில் சிரித்தார். பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. சிரிப்பு அடங்கியபோது இனோகே அழுதுகொண்டிருந்தான். மறுநாளே பூட்டுப் போட்ட மருந்துப் பெட்டி செய்து, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டான்.

அந்த ஞாயிறு பிரசங்கத்தின் நடுவே பாதிரியார் தண்ணீர்க் குவளையை எடுத்தார். உதட்டுக்குக் கொண்டுபோனவர் நிறுத்தி, மூன்றாம் வரிசையைப் பார்த்தார். சபையே திரும்பியது. செரெய்மா தொப்பியைச் சரிசெய்துகொண்டு, குவளையை ஒரு பார்வை பார்த்து, கம்பீரமாகத் தலையசைத்தாள்.