அம்மா கேட்டது வேறு கேமரா

எங்கள் அம்மா காலமாகி ஓராண்டு நிறையும் இன்று, இருந்த வேலையை விட்டுவிட்டு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் மகனின் வணக்கம். அம்மாவைப் பற்றி நீதான் எழுத வேண்டும் என்று அப்பாவும் தங்கையும் சொன்னபோது ஒரே மூச்சில் எழுதிவிடலாம் என்று நினைத்தேன். மூன்று வாரமாக எழுதி எழுதிக் கிழித்தேன். அவருடைய நல்ல குணங்களை வரிசையாக எழுதிக்கொண்டு போகும்போதெல்லாம், அவரிடம் நான் நடந்துகொண்டதை மறைத்துக்கொண்டு போவது போல் இருந்தது. அதனால் இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

அம்மா ஸ்ரீமுஷ்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் ஐந்து பிள்ளைகளில் மூன்றாவதாகப் பிறந்தார். பத்தாவது முடித்ததும் வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தார்கள். இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து மேற்கொண்டு படிக்கப் போனார். நர்ஸ் படிப்பு முடித்துக் கடலூரில் அரசு ஆஸ்பத்திரி வேலையில் சேர்ந்தார். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்த அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டார். அப்பாவுக்குக் கரும்பு அரவைக் காலத்தில் ஷிஃப்ட், அம்மாவுக்கு வருஷம் முழுக்க ஷிஃப்ட். ஒருவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது இன்னொருவர் மாட்டிக்கொண்டிருப்பார். அப்படித்தான் என்னையும் தங்கையையும் படிக்க வைத்தார்கள்.

கைக்குழந்தைக்கு ஊசி போட நரம்பு கிடைக்கவில்லை என்றால் வேறு வார்டிலிருந்து அம்மாவைத் தேடி ஆள் வரும். போவார், குழந்தையின் புறங்கையை ஒரு தட்டுத் தட்டுவார், முதல் தடவையிலேயே ஏற்றிவிட்டு வருவார். புயல் வந்த நாட்களில் வீட்டுக்கே வராமல் வார்டில் இருந்திருக்கிறார். இதையெல்லாம் அவர் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. துக்க வீட்டுக்கு வந்த, அவரோடு வேலை பார்த்தவர்கள்தான் சொன்னார்கள்.

என்னைப் பற்றி உங்களுக்கே தெரியும். மிக்ஸியில் தொடங்கி இன்வெர்ட்டர் வரை நீங்கள் எது வாங்கினாலும் "மச்சான், எது நல்லாருக்கும்" என்று சிதம்பரத்தில் இருக்கும் எனக்குப் போன் போட்டுக் கேட்பீர்கள். நான் அரை மணி நேரம் பாடம் நடத்துவேன். எனக்கு அதில் ஒரு தலைக்கனம் உண்டு. அம்மா பணி ஓய்வு பெற்ற மறு வருஷம், தங்கைக்குச் சிதம்பரத்தில் வரன் கூடி வந்த நேரத்தில், தனக்கு ஒரு சின்ன கேமரா வேண்டும் என்று என்னிடம் கேட்டார். தன் வாழ்நாளில் அவர் தனக்கென்று வாய் விட்டுக் கேட்ட பொருள் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

போனிலேயே எடுக்கலாமே என்றேன். தொடுதிரை தனக்கு ஒத்துவரவில்லை, பட்டன் அழுத்துகிற மாதிரி வேண்டும், இடுப்புப் பையில் அடங்க வேண்டும் என்றார். விசேஷங்களுக்குப் போட்டோக்காரர் இருக்கிறார், பாப்பா (தங்கையை அப்படித்தான் கூப்பிடுவோம்) வீட்டில் சும்மா நடமாடுகிறபோது எடுக்க வேண்டும், அவள் புருஷன் வீட்டுக்குப் போவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்றார். அவசரமாகத்தான் கேட்டார். நானோ எதையும் அலசி ஆராயாமல் வாங்குகிற ஆள் இல்லை. ஒன்றரை மாதம் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். தினமும் போனில் "பாத்தியாடா" என்பார். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பேன்.

ஒரு வழியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலூர் லாரன்ஸ் ரோட்டில் ஒரு கடைக்கு அம்மா, அப்பா, நான் மூவரும் போனோம். கடைக்காரர் நாலைந்து கேமராக்களை எடுத்து வைத்தார். அம்மா எல்லாவற்றையும் விட்டுவிட்டு மூலையில் இருந்த ஒன்றை எடுத்தார். கொஞ்சம் தடிமனாக, பின்பக்கம் கண்ணை வைத்துப் பார்க்கச் சின்னத் துவாரத்தோடு இருந்தது. அதை நெற்றியோடு ஒட்டி வைத்துக்கொண்டு கடைக்கு வெளியே போகிற பஸ்ஸை வெகுநேரம் பார்த்தார்.

"இதுல கண்ணு வச்சிப் பாக்கலாம்டா. இதையே எடுத்துக்கலாம்."

"பழைய ஸ்டாக்கும்மா அது. இப்ப யாரு கண்ணு வச்சிப் பாக்குறா? எல்லாம் ஸ்கிரீன்தான்."

எனக்குப் பிடித்தது வேறு. மெலிசாக, வெள்ளி நிறத்தில், இருபது மடங்கு ஜூமோடு இருந்தது. நிலாவையே பக்கத்தில் இழுத்துவிடலாம் என்று கடைக்காரரும் நானும் மாற்றி மாற்றிச் சொன்னோம். அம்மா நிலாவை எடுக்கக் கேட்கவில்லை. மறுபடி ஒரு தடவை அந்தத் தடிமனான கேமராவைக் கையில் எடுத்தார். "உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரும்மா" என்று கடைக்காரர் முன்னாலேயே சொன்னேன். அப்பா ஏதோ பேச வாயெடுத்தார். அம்மா அவருடைய முழங்கையைத் தொட்டார். அதை நான் பார்த்தேன். என்ன என்று கேட்கவில்லை. வெள்ளிக் கேமராவுக்கு பில் போடச் சொன்னேன்.

தங்கையின் நிச்சயதார்த்தம் சிதம்பரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அம்மா கையில் கேமராவோடு கூட்டத்தில் நடந்து நடந்து எடுத்தார். சாயங்காலம் வாங்கிப் பார்த்தேன். முழுக்கக் கலங்கல். மாப்பிள்ளைக்கு மூன்று காதுகள், பாப்பாவின் மாலை சிவப்புச் சேறு மாதிரி. நான் அதில் ஆறு படங்களைப் பொறுக்கிக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டு, "மண்டபத்தில் ஆவி நடமாட்டம்" என்று எழுதினேன். வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள் வந்தன. சிரித்தவர்களில் பலர் இந்த மலரை இப்போது கையில் வைத்திருக்கிறீர்கள். உங்கள்மேல் ஒரு குறையும் இல்லை. பெற்ற மகனே சிரிக்கிறானே என்றுதான் நீங்களும் சிரித்தீர்கள். அம்மாவும் அந்தக் குழுவில் இருந்தார்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மறுவாரம் சம்பந்தி வீட்டாரோடு பிச்சாவரத்துக்குப் போனோம். படகில் எனக்கு எதிரே அம்மா. புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் அவருக்குப் பக்கத்தில். சுரபுன்னைக் காட்டுக்குள் நிழலில் படகு நின்றபோது அம்மா கேமராவை எடுத்துக் கையை நீட்டினார். கொஞ்சம் பொறுத்து மடக்கினார். முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு மறுபடி நீட்டினார். எல்லோரும் சிரித்தபடி அவருக்காகக் காத்திருந்தார்கள். சம்பந்தி வீட்டார் முன்னால் மானம் போகிறதே என்று எனக்கு எரிச்சல்.

"குடும்மா இங்க. எடுக்கத் தெரியலன்னா ஏன் எடுக்குற?"

எழுந்து போய் அவர் கையிலிருந்து பிடுங்கினேன். படகு ஒரு ஆட்டம் ஆடியது. அம்மா இரண்டு கைகளையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். "அவன் நல்லா எடுப்பான்" என்று சம்பந்தி அத்தையிடம் சொன்னார். மிச்சப் படங்களை நான் என் போனில் எடுத்தேன். கேமரா என் பையோடு சிதம்பரத்துக்கு வந்து பீரோவுக்குள் போனது. அதற்குப் பிறகு அம்மா அதைக் கேட்கவே இல்லை. நானும் தருகிறேன் என்று சொல்லவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து, சாப்பிடும்போது அம்மாவின் கையில் ஸ்பூன் தட்டில் மோதுகிற சத்தத்தைத் தங்கைதான் கவனித்தாள். புதுச்சேரியில் நரம்பு மருத்துவரிடம் காட்டினோம். பார்க்கின்சன் நோய் என்றார். எத்தனை நாளாக நடுக்கம் இருக்கிறது என்று கேட்டார். "கொஞ்ச நாளா" என்றார் அம்மா. மருந்து மாத்திரை, உடற்பயிற்சி என்று நான் ஓடியாடி எல்லாம் செய்தேன். செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த நடுக்கத்தையும் கேமராவையும் ஒரு தடவைகூடச் சேர்த்துப் பார்க்கவில்லை. போன வருஷம் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. படுக்கையிலேயே சளி கட்டி, பதினெட்டாம் நாள் அப்பாவின் கையைப் பிடித்தபடி அம்மா போய்ச் சேர்ந்தார்.

இந்த மலருக்குப் படம் தேடப் போய்த்தான் பீரோவிலிருந்து அந்தக் கேமராவை எடுத்தேன். கடலூர் வீட்டில் லேப்டாப்பில் அப்பாவும் நானும் உட்கார்ந்து பார்த்தோம். இருநூறு படங்களுக்கு மேல் இருந்தன. ஏறக்குறைய எல்லாமே கலங்கல். நடுநடுவே சில மட்டும் பளிச்சென்று இருந்தன. பாப்பா தலை வாருகிறாள். பாப்பா வேர்க்கடலை உரித்தபடி டிவி பார்க்கிறாள். அப்பா கண்ணாடியைத் தேடுகிறார், கண்ணாடி அவர் தலையிலேயே இருக்கிறது. தெளிவாக இருந்த ஒவ்வொரு படத்திலும் ஓரத்தை ஏதோ ஒன்று மறைத்திருந்தது. ஒன்றில் ஜன்னல் கம்பி, ஒன்றில் கதவு நிலை, ஒன்றில் பாதிப் படத்துக்கு அரிசி டிரம்மின் மூடி. ஏன் எல்லாவற்றிலும் இப்படி என்று அப்பாவைக் கேட்டேன்.

"எதுனா ஒண்ணுல சாச்சி வச்சாத்தான் அவளுக்கு கை நிக்கும். அதுக்குத்தான் கண்ணுல வைக்கிற கேமரா கேட்டா. நெத்தில முட்டுக் குடுத்துகிட்டா ஆடாதுன்னு கடையிலயே பாத்துட்டா. நீ வாங்குனத கைய நீட்டித்தானே புடிக்கணும். நீட்டுனா போச்சி."

அப்போதே தெரியுமா என்று கேட்டேன். அம்மா நர்ஸ் இல்லையா, விரலில் தொடங்கியபோதே அவருக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டதாம். கை முழுக்கப் போவதற்குள் பிள்ளைகளைத் தன் கையால் படம் எடுத்துவிட வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னாராம். பெண் பார்த்து முடிவாகிற நேரம், வியாதிக் குடும்பம் என்று பேச்சு வந்துவிடும் என்று பயந்து அப்பாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

"சரிப்பா, கல்யாணத்துக்கு அப்பறமாவது எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்றதாத்தான் இருந்தா. பிச்சாவரம் போயி வந்து சொல்லலாம்னு இருந்தா. அங்கதான் நீ புடுங்கிகிட்ட. இப்ப சொன்னா அவன் மனசு ஒடைஞ்சிடும், வாணாம் வுடுங்கன்னுட்டா."

நான் வெட்கப்படுகிறேன். வேறு நாகரிகமான வார்த்தை தேடிப் பார்த்தேன், இல்லை. தெரியாமல் செய்தது என்று நீங்கள் ஆறுதல் சொல்வீர்கள். நோய் தெரியாதுதான். ஆனால் கடையில் அம்மா சொன்னது என் காதில் விழுந்தது, மறுபடி அதைக் கையில் எடுத்ததையும் பார்த்தேன். ஏன் அது வேண்டும் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். ஊரில் யார் டிவி வாங்கினாலும் சுவர் எவ்வளவு அகலம், எத்தனை பேர் பார்ப்பீர்கள் என்று பத்துக் கேள்வி கேட்கிறவன், பெற்ற தாயிடம் கேட்கவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. புதுச்சேரி மருத்துவருக்கும், வாரம் மூன்று நாள் வீட்டுக்கு வந்து அம்மாவை நடக்கப் பழக்கிய பெண்ணுக்கும், முறை வைத்துக்கொண்டு வந்து பார்த்த அம்மாவின் ஆஸ்பத்திரித் தோழிகளுக்கும், எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் வண்டி எடுத்த பக்கத்து வீட்டு மாமாவுக்கும் எங்கள் நன்றி. யாருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று அம்மா கையை மறைத்தாரோ, அந்தச் சம்பந்தி அத்தைதான் கடைசிக் காலத்தில் மாதக்கணக்கில் எங்கள் வீட்டில் தங்கி அவருக்குச் சோறு ஊட்டிவிட்டார். அவர் காலில் விழுந்து நன்றி சொல்ல வேண்டும். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை அவர் இருந்தவரை காத்துவிட்டு, அவர் இல்லாதபோது எனக்காக உடைத்த அப்பாவுக்கும் நன்றி.

அடுத்து வரும் பக்கங்களில் அம்மா எடுத்த பதினோரு படங்கள் இருக்கின்றன. ஓரத்துக் கதவையும் கம்பியையும் வெட்டிச் சுத்தம் செய்து தருவதாக அச்சகத்தில் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கடைசிப் பக்கத்துப் படத்தைப் போட வேண்டாம் என்று அப்பா கேட்டுக்கொண்டார், "நாலு பேர் உன்ன தப்பா நெனைப்பாங்கடா" என்றார். அவர் பேச்சை மீறிப் போட்டிருக்கிறேன். அந்தக் கேமராவில் அம்மா எடுத்த கடைசிப் படம் அது. பிச்சாவரத்தில் படகு சாய்ந்திருக்கிறது. மரங்கள் பச்சையாகக் கலங்கியிருக்கின்றன. நடுவில் ஒருவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு கையை நீட்டி வருகிறான். அது நான்தான்.