முப்பது நாள் நோட்டீஸ்

எனக்கு நல்ல குரல். இதை நானே சொல்லிக்கொள்வது அழகில்லைதான், ஆனால் எங்கள் அலுவலகத்தில் வேறு யாரும் சொல்ல முன்வருவதில்லை. அரசியலமைப்பு நாளன்று முகவுரையை மைக்கில் வாசிக்கும் பொறுப்பு வருஷா வருஷம் என்னிடம்தான் வரும். நான் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, ஊழியர்கள் திருப்பிச் சொல்வார்கள். நீதி, சுதந்திரம், சமத்துவம் என்று வரும் இடங்களில் கொஞ்சம் நிறுத்தி, கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொடர்வேன். முடிந்ததும் போண்டா, காபி. அந்த வருஷமும் அப்படித்தான் நடந்தது.

அது ஓசூர்ப் பக்கத்து உள்ளாட்சி அலுவலகம் ஒன்று. எது என்று கேட்காதீர்கள், ஓய்வு பெற எனக்கு இன்னும் காலம் இருக்கிறது. தெருவோர ஆக்கிரமிப்புகளை அகற்றுவது என் வேலை. கையில் ஒரு வாக்கிடாக்கி, கீழே நான்கு ஆட்கள், போய்வர ஒரு ஜீப். ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டால் அரசாங்கம் என்பதே நான்தான் என்று எனக்குத் தோன்றும். டிரைவருக்கு அப்படித் தோன்றியதாகத் தெரியவில்லை.

முகவுரை வாசித்த மறுநாள் காலை மேலதிகாரி போன் செய்தார். பெரிய இடத்திலிருந்து யாரோ தொழிற்பேட்டைக்கு வருகிறார்களாம், பதினொரு மணிக்குள் கேட் பக்கம் சுத்தமாக இருக்க வேண்டுமாம். எழுத்தில் உத்தரவு உண்டா என்று நான் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே எனக்கு அப்போது தெரியாது.

கேட்டுக்கு எதிரே இருந்தது ஒரே ஒரு தள்ளுவண்டி. மூக்கண்டப்பள்ளியில் வாடகைக்கு இருந்த ஒரு பெண்மணியின் இட்லி வண்டி அது. ராயக்கோட்டைப் பக்கத்துக்காரர், வீட்டில் தெலுங்கு, வண்டியில் தமிழும் கன்னடமும். முதல் ஷிப்டுக்கு வருகிறவர்களும் நைட் ஷிப்ட் முடித்துப் போகிறவர்களும் அவரிடம்தான் சாப்பிடுவார்கள். நானும் பலமுறை சாப்பிட்டிருக்கிறேன். அந்தத் தக்காளிச் சட்னிக்காகவே ஜீப்பைச் சுற்று வழியில் விடச் சொன்ன நாட்களும் உண்டு. அந்த இடத்தில் வியாபாரம் செய்ய எங்கள் அலுவலகமே அவருக்கு அட்டை கொடுத்திருந்தது. அட்டைக்காக நேரில் போய் விசாரித்து ஒப்பமிட்டவன் நான்தான்.

அட்டை உள்ள ஒருவரை அகற்ற வேண்டுமானால் முப்பது நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதனால் சட்டப்படியே நடந்துகொண்டேன். போகும் வழியிலேயே ஜீப்பில் நோட்டீஸை எழுதினேன். வண்டி தார்ப்பாய் போர்த்தி நின்றது, அவர் மாவு அரைக்க மில்லுக்குப் போயிருந்தார். நோட்டீஸை வண்டியின் கண்ணாடிப் பெட்டியில் பசை தடவி ஒட்டினேன். நேரமும் இடமும் பதிவாகிற செயலியில் போட்டோ எடுத்தேன். பிறகு வண்டியைத் தூக்கி, பின்னாலேயே வந்த எங்கள் லாரியில் ஏற்றச் சொல்லி, அதையும் போட்டோ எடுத்தேன். ஃபைலில் "நோட்டீஸ் சார்வு செய்யப்பட்டது", அதாவது உரியவரிடம் சேர்க்கப்பட்டது, என்று எழுதியபோது எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

மாவு அண்டாவோடு அவர் நேராக அலுவலகத்துக்கு வந்துவிட்டார்.

"சார், என் வண்டி எங்க சார்? மாவு அரைச்சு எடுத்தாந்துட்டேன். இத்த வெச்சி நான் இன்னா பண்றது?"

"ஏம்மா, நோட்டீஸ் குடுத்தாச்சில்ல?"

"யாருக்குக் குடுத்தீங்க?"

"வண்டியில ஒட்டியிருக்கு."

"வண்டிய நீங்கதான எடுத்துக்கினு வந்துட்டீங்க?"

பதில் இல்லாதபோது சொல்வதற்கென்று நான் ஒரு வசனம் வைத்திருந்தேன். "கவர்மென்ட் நெனச்சா எது வேணா செய்யும்மா" என்றேன். அவர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனார். மாவு புளித்து வீணாகியிருக்கும். அது எனக்கு அன்று உறைக்கவில்லை.

அவர் போனது நீதிமன்ற வளாகத்திலிருக்கும் இலவச சட்ட உதவி மையத்துக்கு. அங்கிருந்தவர்கள் அவருக்காக வழக்குப் போட, ஐந்தாம் நாள் நான் சாட்சிக்கூண்டுக்குப் பக்கத்தில் நின்றேன். பயம் துளியும் இல்லை. இரண்டு போட்டோக்களையும் கலரில் பிரிண்ட் போட்டு, ஆவணமாக நானே இணைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை, என் பெருமைக்காக.

நீதிபதி அம்மா இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

"நோட்டீஸ் ஒட்டினது பத்து அஞ்சு. வண்டிய லாரியில ஏத்தினது பத்து இருபது. முப்பது நாள் பதினஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடுச்சா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். வாய்மொழி உத்தரவு என்று முணுமுணுத்தேன்.

"எந்தச் சட்டத்துல வாய்மொழியா எடுக்கலாம்னு இருக்கு?"

நான் ஃபைலைப் புரட்டினேன்.

"அவங்க எந்தச் சட்டத்த மீறினாங்கன்னு நீங்க காட்டணும். நீங்க எந்தச் சட்டப்படி எடுத்தீங்கன்னும் நீங்கதான் காட்டணும். அரசியலமைப்புச் சட்டம் அரசாங்கத்துக்கும் சேர்த்துத்தான். படிச்சிருக்கீங்களா?"

படித்திருக்கிறேன், வருஷா வருஷம் மைக்கில் என்று சொல்ல நா எழவில்லை. அன்று மாலைக்குள் வண்டியை இருந்த இடத்திலேயே சேர்க்க வேண்டும், அகற்றுவதானால் முறைப்படி நோட்டீஸ் கொடுத்து, அவர் சொல்வதைக் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும் என்று உத்தரவானது.

எங்கள் லாரி வேறு வேலைக்குப் போயிருந்தது. ஆட்களும் அதோடு போய்விட்டார்கள். ஆகவே பிடித்த வண்டிகளைப் போட்டுவைக்கும் எங்கள் யார்டிலிருந்து கேட் வரை வண்டியை நானும் டிரைவரும் தள்ளிக்கொண்டு போனோம். ஒரு சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே வந்தது. இரண்டாம் ஷிப்ட் பஸ்கள் எங்களைக் கடந்து போயின, எல்லா ஜன்னலிலும் முகங்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

கேட்டுக்கு எதிரே காத்திருந்த அந்தப் பெண்மணி வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். கண்ணாடியில் என் நோட்டீஸ் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. நல்ல பசை.

"இத்த படிங்க சார். எனக்குத் தமிழ் பேசத்தான் வரும், தெலுங்குதான் படிப்பேன்."

படித்தேன். முகவுரைக்குப் பழகிய குரல் அன்று பக்கத்தில் நின்ற டிரைவருக்குக்கூடக் கேட்டிருக்காது. "முப்பது நாட்களுக்குள் தங்கள் விளக்கத்தை" என்ற இடத்தில் நின்றே விட்டேன். அவர் விடவில்லை, கடைசி வரி வரை படிக்க வைத்தார். பிறகு என் சட்டைப்பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கி, நோட்டீஸின் அடியில் தெலுங்கில் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் அன்றைய தேதியையும் எழுதினார்.

"இன்னைக்குத்தான் சார் எனக்கு நோட்டீஸ் வந்துச்சி. இன்னையிலேர்ந்து எண்ணிக்கங்க. நான் பதில் சொல்ல வர்றப்ப நீங்க ஆபீஸ்ல இருப்பீங்கல்ல?"

"இருப்பேன்க்கா" என்றேன். அதற்கு முன் அவரை நான் அக்கா என்று கூப்பிட்டதே இல்லை.